கல்லறைத் திருப்பம் வரை தள்ளிய வண்டி

செய்தி வந்தபோது காலை பதினொன்று பத்து. தெற்குக் காற்று அடித்து ஓய்ந்து இரண்டு நாளாகியிருந்தது. கடல் எண்ணெய் தடவியதுபோல் கிடந்தது. பாறை உச்சியில், நாலு கம்பும் ஒரு தகரமுமாக நிற்கும் காவல் குடிசைக்குள் தொர்வலினோ உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். மடவை மீன் குளிருக்குப் பயந்து தெற்கிலிருந்து கூட்டங்கூட்டமாக ஏறி வரும் மாதம். கீழே மணலில் வள்ளம் மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி நின்றது. வலையை அடுக்கி வைத்துவிட்டு ஆட்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். தொர்வலினோ எழுந்து மேல்சட்டையைக் கழற்றி ஆட்டினால் சீட்டு பறக்கும், வள்ளம் இறங்கும். அவர் ஆட்டாதவரைக்கும் ஒருவரும் காலை நனைக்க மாட்டார்கள். முப்பத்திரண்டு வருஷமாக சாவோ பிராஸ் கடற்கரைக்கு அவர்தான் கண்.

கடைக்காரி செனாய்டே படிக்கட்டின் அடியில் வந்து நின்று கத்தினாள்.

"தொர்வலினோ அண்ணே! போன் வந்துச்சு! அர்ஜென்டினாவுலேர்ந்து! ஒரு பொம்பள!"

சீட்டாடியவர்களுக்கு இது போதாதா?

"அதான் பெரிசு உச்சியில உக்காந்து தெக்கயே பாத்துக்கிட்டு இருக்கா?"

"மீனுக்குத்தான் பாக்குறாருன்னு நாமதான் ஏமாந்துட்டோம்லே!"

"வீட்டுல லெனீர் அக்காவுக்குத் தெரியுமா இது?"

தொர்வலினோவும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார். இருபத்து மூன்று படி. மேலே நாலு படி வெறும் கருங்கல். அதற்குக் கீழே பத்தொன்பது படிக்கும் விளிம்பில் கையகலத்துக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. அடியில் நின்ற செனாய்டேயின் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கால் மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன்னா. நம்ம அனீபலோட அக்காவாம்." அவள் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஈரம் இல்லாத கை. "அனீபல் செத்துட்டாராம் அண்ணே."

தொர்வலினோ கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனசில் முதலில் எழுந்தது துக்கம் இல்லை. 'இனி யாருக்கும் தெரியாது' என்றுதான் எழுந்தது. அடுத்த மூச்சில் அது தன் நினைப்புத்தானா என்று அவருக்கே அருவருப்பாக இருந்தது.

அனீபல் இந்தக் கரைக்கு வந்தது முந்தைய வருஷத்துக்கும் முந்தைய வருஷம், அக்டோபரில். பழைய மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, பின்னால் சுருட்டிய கூடாரம். மேட்டுச் சாலையில், கல்லறைத் தோட்டத்துத் திருப்பத்தில் சங்கிலி அறுந்து, வண்டியை உருட்டிக்கொண்டே நிழல் தேடி இறங்கி வந்தவர். அர்ஜென்டினாவின் சமவெளியில் ஏதோ ஒரு ஊரில் இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவர். மனைவி இறந்த பிறகு வீட்டை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பிரேசிலின் வடக்கு முனை வரைக்கும் போய்வருவதாகக் கிளம்பியிருந்தார். புளோரியானோபோலிஸ் தீவின் பழைய இரும்புப் பாலத்தைப் பார்த்ததும் ஒரு நாள் தங்கலாம் என்று தோன்றியதாம். மூன்றாம் நாளே புதுச் சங்கிலி வந்துவிட்டது. மாட்டியும் ஆயிற்று. அவர் போகவில்லை.

செனாய்டே கடையின் பின்கட்டு அறையில் தங்கினார். "நாளைக்குக் கிளம்புறேன்" என்பார் தினமும். நாளாவட்டத்தில் அது கரையின் சொலவடையாகிவிட்டது. யாராவது குடியை விடுகிறேன் என்றால், "ஆமாமா, அனீபல் நாளைக்குக் கிளம்புற மாதிரி" என்பார்கள். விடிந்தால் உலோகக் குழலைக் கடித்துக்கொண்டு கசப்பிலைத் தண்ணீர் உறிஞ்சுவார். "இவ்வளவு அழகான எடத்துல பொறந்துட்டு, எப்பப் பாத்தாலும் கடலத் திட்டுறீங்களே, ஏன்யா?" என்று கேட்பார். "நீ பஸ்ஸத் திட்டாமலா ஓட்டின?" என்பார் ஓஸ்னி. வலைக்கும் வள்ளத்துக்கும் தலைவர் ஓஸ்னி. தொர்வலினோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். ஐம்பது வருஷச் சிநேகிதம்.

முதல் தடவை கரைவலை இழுத்தபோது அனீபலும் சும்மா ஒரு கை கொடுத்தார். மீனைப் பங்கிட்டு முடித்ததும் அவர் காலடியிலும் இரண்டு மீன் விழுந்தது. கேலி செய்கிறார்கள் என்று நினைத்து அவர் தொடவில்லை.

"எடுய்யா," என்றார் ஓஸ்னி. "கயித்துல கை வச்சவனுக்கு மீன் உண்டு. பாதிரியார் வச்சாலும் சரி, போலீஸ்காரன் வச்சாலும் சரி. அர்ஜென்டினாக்காரன் வச்சாக்கூட."

மே மாதம் பிறந்ததும் கரை ஊமையாகிவிடும். அலைப்பலகைக்காரர்கள் இறங்கக் கூடாது, மணலில் விளக்கு எரியக் கூடாது, இயந்திரச் சத்தம் கூடவே கூடாது. மடவைக்குக் காது கூர்மை; துடுப்பு வள்ளத்தில் தட்டினாலே கூட்டம் கலைந்துவிடும் என்பது இங்கே தொட்டில் குழந்தைக்கும் தெரியும். யாரும் சொல்லும் முன்பே அனீபல் ஒரு காரியம் செய்தார். எங்கே போவதானாலும் வண்டியை முடுக்காமல், அரை கிலோமீட்டர் மேட்டில், கல்லறைத் திருப்பம் வரை தள்ளிக்கொண்டே போனார். குளிரிலும் சட்டை நனைந்துவிடும்.

"மாடு செத்துப் போச்சா? வண்டிய நீயே இழுக்குற!" என்று பெண்கள் வாசலில் நின்று சிரிப்பார்கள்.

"மாடு தூங்குது. எழுப்பினா ஓஸ்னி அடிப்பாரு," என்பார்.

அந்த மே மாதத்தில்தான் தொர்வலினோ மாட்டிக்கொண்டார். இரண்டு வருஷமாகவே கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. இடது கண்ணுக்குக் கடல் பால் கலந்த தண்ணீராகத் தெரிந்தது. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. கண்ணே தொழிலாக உள்ளவன் கண் போயிற்று என்று எந்த வாயால் சொல்வான்? பழக்கத்திலும் நாரைகள் இறங்கும் திக்கைப் பார்த்தும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அனீபல் பொழுதுபோகாமல் உச்சிக்கு ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க என்ன, மேகத்து நிழலா? செம்மண்ணு கரைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார்.

தொர்வலினோவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆட்டினார். அன்றைக்கு நாலாயிரம் மீன். ஓஸ்னி அவரைத் தூக்கிச் சுற்றினார். "கழுகுடா என் மச்சான்! வயசாக ஆகக் கண்ணு தீட்டிக்கிட்டே போகுது!"

அனீபல் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கைதட்டினார்.

அதற்குப் பிறகு தினமும் உச்சிக்கு வந்தார். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. மீன் தெரிந்தால் அனீபல் தன் முழங்காலைத் தொடுவார்: இடது என்றால் இடப்பக்கம், வலது என்றால் வலப்பக்கம். தொர்வலினோ எழுந்து ஆட்டுவார். இறங்கும்போது தொர்வலினோ காலால் படியைத் துழாவுவதை ஒருநாள் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு டப்பா சுண்ணாம்போடு வந்து, அடியிலிருந்து ஒவ்வொரு படியின் விளிம்புக்கும் வெள்ளை அடிக்கத் தொடங்கினார். யாராவது கேட்டால், "அழகா இருக்கட்டுமேன்னுதான்" என்பார். அர்ஜென்டினாக்காரன் அப்படித்தான் ஏதாவது செய்வான் என்று விட்டுவிட்டார்கள்.

ஜூன் பதினேழாம் தேதி காலையில் அனீபல் உச்சிக்கு வந்து, தொர்வலினோவின் அடையாள அட்டையைக் கேட்டார். நகரத்து மருத்துவமனையில் கண் அறுவைக்குப் பெயர் எழுதுகிறார்களாம். ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டுமாம்.

"காத்து வடகெழக்கு. இன்னிக்கு மீன் வராதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் பத்து மணிக்குள்ள வந்துடுறேன்."

"யாருக்கும் சொல்லாத."

"யாருகிட்ட சொல்லப்போறேன்? என் மாடுகிட்டயா?"

தொர்வலினோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி மேட்டில் ஏறும் சக்கரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, கல்லறைத் திருப்பத்துக்கு அப்பால், கொசு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்து தேய்ந்தது. அவ்வளவுதான்.

அடுத்த சில நிமிஷங்களில் காற்று சட்டென்று தெற்குக்குத் திரும்பியது. வளைகுடாவின் வாயில் ஏதோ ஒரு கருமை நகர்ந்தது போலிருந்தது. மேகத்து நிழல் என்று நினைத்தார். எழுந்திருக்கலாமா என்று ஒரு தடவை தோன்றியது. நிழலுக்கு வள்ளத்தை இறக்கிவிட்டால் நாளைக்கு ஊர் சிரிக்குமே என்று உட்கார்ந்துவிட்டார். அரை மணி நேரத்தில் பக்கத்துக் கரையில் கூச்சல் கேட்டது. பட்டாசு வெடித்தது. ஆறாயிரம் மீன்.

ஓஸ்னி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். பின்னால் நாலைந்து பேர்.

"என்ன மச்சான், தூங்கிட்டியா?"

"தூங்கல."

"அப்ப உன் மூக்குக்கு முன்னால போன மீன என்ன, வானத்துலேர்ந்து சம்மனசு வந்து தூக்கிட்டுப் போச்சா?"

எல்லோரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்போது அவர் வாயிலிருந்து அது வந்தது. யோசித்துச் சொன்னது என்றுகூடச் சொல்ல முடியாது. வழுக்குகிறவன் கைக்கு எட்டியதைப் பிடிப்பான் இல்லையா, அப்படி.

"கூட்டம் வாய்க்குள்ள வந்துச்சு. சட்டையக் கழட்டப் போனேன். அந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுச்சு. அப்படியே திரும்பிப் போயிடுச்சு."

யாரும் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது? மடவைக்குக் காது கூர்மை.

பத்து மணிக்கு அனீபல் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கியபோது வாசல்களில் யாரும் சிரிக்கவில்லை. ஓஸ்னி சொன்னார். அனீபல் கேட்டுக்கொண்டார். எங்கே போனாய் என்று கேட்டதற்கு, "டவுனுக்கு" என்று மட்டும் சொன்னார். ஒரு தடவை தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் தொர்வலினோவுக்கு அந்த முகம் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து ஒரு சின்னக் கூட்டம் வலையில் விழுந்தது. நாரைகள் காட்டிக்கொடுத்த மீன். கயிறு இழுக்க எல்லோரும் ஓடினார்கள். அனீபலும் ஓடிப் போய்ப் பிடித்தார். ஓஸ்னி வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகக் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டார். கோபமாகக்கூட இல்லை. "நீ வேணாம்ப்பா" என்றார். வழியில் போன உல்லாசப் பயணிகள் இரண்டு பேர் சும்மா கயிற்றைத் தொட்டதற்கு மீன் வாங்கிக்கொண்டு போனார்கள். அனீபல் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நின்றார். பத்தடி தூரத்தில் தொர்வலினோ கயிற்றின் முடிச்சு ஒன்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்க்க வேண்டிய முடிச்சே இல்லை அது.

மறுநாள் விடிகாலையில் அனீபல் கிளம்பினார். உச்சியில் இருந்த தொர்வலினோ கேட்டுக்கொண்டே இருந்தார். போகிறவன் வாசலிலேயே முடுக்கியிருக்கலாம். மணலிலேயே முடுக்கி ஊரையே எழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். இல்லை. கல்லறைத் திருப்பத்துக்கு அப்பால்தான் அந்தக் கொசுச் சத்தம் எழுந்தது.

அன்றிலிருந்து தொர்வலினோ தனக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தார். அனீபலுக்கு எல்லாம் தெரியும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவனுக்குத் தெரியாதா, சத்தம் வந்ததா இல்லையா என்று? தெரிந்தும் காட்டிக்கொடுக்காமல் என் பழியைத் தான் சுமந்துகொண்டு போனான். ஆம்பிளைக்கு ஆம்பிளை செய்த உதவி அது. இந்தக் கதை தலையணை மாதிரி. தலை வைத்தால் தூக்கம் வந்தது.

அக்டோபரில் மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. லெனீர்தான் பிரித்துப் படித்தாள். கணவனின் கண் விஷயம் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பதிவு செய்த தேதியின் முத்திரையை விரலால் தடவினாள்.

"ஜூன் பதினேழு," என்றாள். "அது அந்த ஆறாயிரம் மீனு போன நாளுல்ல?"

அவர் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவள் அப்புறம் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் மடவைக் கருவாடு பரிமாறும்போதெல்லாம், "சாப்பிடுங்க, கழுகாரே" என்பாள்.

ஒரு கண்ணை அறுத்துப் பார்வை கொடுத்தார்கள். கட்டு அவிழ்த்த வாரத்தில் உச்சிக்கு ஏறியபோது, சுண்ணாம்பின் மேல் தூரிகை மயிர் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததுகூடத் தெரிந்தது.

இவ்வளவுக்கும் பிறகுதான் இந்த ஜூன் மாதத்து வியாழக்கிழமை, செனாய்டே கடையின் தொலைபேசி மறுபடி அடித்தது.

"தொர்வலினோ ஐயாவா? நான் நிதியா. அனீபலோட அக்கா." அவள் தன் ஸ்பானியத்தை அவருக்குப் புரியட்டும் என்று நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "தூக்கத்துலயே போயிட்டான். ரொம்பத் தெக்க, பெட்ரோல் பங்க் பக்கத்துல ஒரு விடுதி. இருதயம்னாங்க. கஷ்டப்படல."

"ஆண்டவரே," என்றார்.

"அவன் நோட்டுப் புத்தகத்துல உங்க பேரு எங்க பாத்தாலும் இருக்கு. இந்த நம்பரும் அதுலதான் இருந்துச்சு. கண்ணு எப்படி இருக்கு ஐயா? ஆபரேஷன் ஆச்சா?"

"ஆச்சும்மா."

"சந்தோஷம். அவன் அதையே கேட்டுக்கிட்டு இருந்தான். போன் பண்ணிக் கேளேன்டான்னா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேப்பேன்னு சொல்லுவான். ஒண்ணு கேக்கணும். அவன் ஏதோ மீன் கூட்டத்தக் கலைச்சிட்டானாமே? 'அந்தத் திருப்பத்த இன்னும் கொஞ்சம் தாண்டிப் போய் முடுக்கியிருக்கணும், இத்தன பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டேன்'னு அஞ்சாறு எடத்துல எழுதி வச்சிருக்கான். எங்கிட்டயும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தான். அங்க எல்லாரும் அவன மன்னிச்சிட்டாங்களா ஐயா?"

கடையில் யாரோ கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று அனீபலுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுமந்துகொண்டு போகவும் இல்லை, உதவி செய்யவும் இல்லை. தொர்வலினோ சொன்னார் என்பதற்காக நம்பியிருக்கிறார். கண் மங்கினாலும், முப்பத்திரண்டு வருஷக் காவல்காரன் காதால் கேட்டது என்றால் கேட்டுத்தானே இருக்கும் என்று நம்பி, தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு, ஒரு வருஷம் ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறார்.

"மன்னிச்சாச்சும்மா," என்றார் தொர்வலினோ.

போனை வைத்த பிறகுதான் தான் சொன்னது உறைத்தது. மன்னித்தார்களாம். அவனை. செத்தவன் தலையில் இரண்டாவது தடவையும் அதே பழி.

நேராக வள்ளத்துக்கு நடந்தார். சீட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அனீபல் செய்தி அதற்குள் எட்டியிருந்ததால் யாரும் கேலி பேசவில்லை. ஓஸ்னி நகர்ந்து இடம் விட்டார்.

"பாவம்லே. நல்ல மனுஷன். ஒரு தப்பு பண்ணிட்டான், அதுக்கென்ன."

"அவன் ஒண்ணும் பண்ணல," என்றார் தொர்வலினோ, நின்றுகொண்டே. "அன்னிக்குச் சத்தமே வரல. எனக்குக் கண்ணு தெரியல. மீன் போனத நான் பாக்கவே இல்ல."

ஒருவன் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. பிறகு அவனே நிறுத்திக்கொண்டான்.

"அந்த மே மாசம் பிடிச்ச மூணு கூட்டமும் அவன் பாத்தது. எனக்கு முழங்காலத் தொட்டுக் காட்டுவான். அன்னிக்கு என் கண்ணுக்காகத்தான் டவுனுக்குப் போனான்."

ஓஸ்னி கையிலிருந்த சீட்டுகளை ஒழுங்காக அடுக்கினார். திருப்பி அடுக்கினார்.

"கண்ணு போச்சுன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, உன்னக் கடல்ல தூக்கிப் போட்டிருப்பேனா மச்சான்?"

"தெரியல."

"நான் அவன் கையக் கயித்துலேர்ந்து எடுத்தேன்லே." ஓஸ்னி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "எங்கப்பன் காலத்துலேர்ந்து ஒருத்தன் கையையும் யாரும் எடுத்ததில்ல. உன் பேச்சக் கேட்டு நான் எடுத்தேன். அவன் விரல் ஒவ்வொண்ணா..."

சீட்டை வீசிவிட்டு எழுந்தார். மணலில் துப்பிவிட்டு, "மேல நீ போகாத. நம்ம பய ஜுவெனால் போகட்டும்" என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஜுவெனாலின் சட்டை உச்சியில் ஆடியது. வள்ளம் இறங்கியது. தொர்வலினோ கயிற்றின் கடைசி ஆளாகப் போய்ப் பிடித்தார். யாராவது வந்து கையை எடுத்துவிட மாட்டார்களா என்றிருந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. பங்கிட்டபோது ஓஸ்னி அவர் பக்கம் திரும்பாமலே இரண்டு மீனை அவர் காலடியில் போட்டுவிட்டுப் போனார். கயிற்றில் கை வைத்தவனுக்கு மீன் உண்டு.

வீட்டில் லெனீர் மீனைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அவரு உசுரோட இருக்கறப்பச் சொல்லியிருக்கலாம்," என்றாள். அன்றைக்குக் கழுகாரே என்று கூப்பிடவில்லை. மீனை அறுக்கவும் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் அவர் செனாய்டே கடைக்குப் போய் நிதியாவைக் கூப்பிட்டார். தொடக்கத்திலிருந்து சொன்னார். மன்னிச்சாச்சு என்று சொன்னதையும் சேர்த்துச் சொன்னார்.

"இத அவன் கேட்டிருக்கணும் ஐயா," என்றாள், எல்லாம் கேட்டு முடித்து. "நான் கேட்டு என்ன ஆகப்போகுது?"

"ஆமாம்மா."

வைத்துவிடுவாள் என்று நினைத்தார். தாள் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க ஊரப் பத்தி எழுதுன கடைசிப் பக்கம்," என்றாள். "'நாலு படி பாக்கி. சுண்ணாம்பு டப்பா பின்கட்டு அறையில, கட்டிலுக்கு அடியில.' இதான் எழுதியிருக்கு. உங்களுக்குப் புரியுதா?"

"புரியுது."

டப்பா அங்கேதான் இருந்தது. செனாய்டே பெருக்கும்போதெல்லாம் நகர்த்தி நகர்த்தி வைத்திருந்தாள். மூடியை நெம்பித் திறந்தார். சுண்ணாம்பு ஒரு வருஷத்தில் கல்லாகியிருந்தது. நடுவில் தூரிகை நட்டுவைத்ததுபோல் நின்றது, இழுத்தால் வரவில்லை.

மேலே அந்த நாலு படிகளும் இன்னும் வெறும் கருங்கல்லாகத்தான் இருக்கின்றன.